பாப்பாவுக்குப் பூவாடை

ஆவணி 1, திங்கள்

காலையிலேர்ந்து புழுக்கம். கறுத்துக்கிட்டு வந்துச்சு, மழை வரல. ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளைத் தூசி, துடைச்சேன். சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டுல வாடகைக்கு வீடு புடிச்சா துடைச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். அதுலயும் ஒரு லாரி என் வூட்டுக்காரர் ஓட்டறது, யாரைத் திட்டறது. முன்னாடி காலையில ஒருதரம் சாயங்காலம் ஒருதரம் துடைப்பேன், பா.வுக்கு நெஞ்சுல சளி கட்டக்கூடாதுன்னு. இப்ப யாருக்குத் துடைக்கிறேன்னு தெரியல. கை சும்மா இருக்க மாட்டேங்குது.

(பா. = பாப்பா. டாக்டர் எழுதச் சொன்னப்ப ஆரம்பிச்ச பழக்கம். வலிப்பு எப்ப, சாப்பாடு எவ்வளவு, வயித்தால போச்சா இல்லையா. நோட்டுல பாதி காலியா கெடக்கு. எழுதறதுக்கு விஷயம்தான் இல்ல.)

இன்னைக்கு:
— டீச்சர் ஜாக்கெட், கை இறக்கம்
— பால்காரர்கிட்ட பாக்கெட் கம்மி பண்ணச் சொல்லணும். பங்குனியிலேர்ந்து சொல்லணும் சொல்லணும்னு
— பா. கட்டில்ல ரப்பர் ஷீட் இன்னும் கெடக்கு, மடிச்சு வைக்கணும்

மூணாவதைச் செய்யல. ஜாக்கெட் முடிஞ்சுது. எதிர்வீட்டு டீச்சர் வாங்க வந்தாங்க. நல்லவங்கதான். ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டு, அவளுக்கும் விடுதலை உனக்கும் விடுதலைன்னு. எனக்கு யாரு இப்ப விடுதலை கேட்டா? ஜெயில்லயா இருந்தேன். பத்தொம்பது வருஷம் என் புள்ளகூட இருந்தேன்.

சிரிச்சுக்கிட்டே அனுப்பி வச்சேன்.


ஆவணி 3, புதன்

வெயில். மத்தியானம் கரண்ட் இல்ல, தையல் மிஷின் மோட்டார் ஓடல.

அவரோட அண்ணனும் அக்காவும் வந்தாங்க. (அக்கான்னா என் ஓர்ப்படி.) ஆண்டிமடத்துப் பக்கம் ஊர்லேர்ந்து பஸ் புடிச்சு, தட்டுல பழம் வெத்தலைபாக்கு எல்லாம் வச்சு. காரியத்துக்கு அப்புறம் இப்பதான் இந்த வாசல்படி ஏறுறாங்க. முந்திரிக்கொல்லையில புள்ளைய மண்ணுல வச்சுட்டு வந்த அன்னைக்குக்கூட அக்கா தலைவலின்னு திரும்பிட்டாங்க.

விஷயம் கல்யாணம். அவங்க பொண்ணு ரம்யாவுக்கு பெரம்பலூர்ல மாப்பிள்ளை முடிவாயிருக்கு. இந்த மாசக் கடைசியில. முன்னாடி ரெண்டு இடம் பேசி, பேசி, கடைசியில நின்னு போச்சு. குறி கேட்டாங்களாம். வூட்டுல ஒரு கன்னிப் பொண்ணு செத்து நிக்குது, அதுக்கு ஒண்ணும் செய்யாம கல்யாண வேலைய ஆரம்பிச்சுட்டீங்களேன்னு குறிகாரர் கேட்டுட்டாராம். அதனால பூவாடை போடணும். கொளத்துக்கரையில கரகம் ஜோடிச்சு, பம்பை அடிச்சு, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, புதுத்துணி வச்சுப் படைச்சு, வீட்டுச்சாமியா ஏத்துக்கணும். அவ வந்து வாக்குக் குடுத்தாதான் தாலி ஏறும்.

நான் எழுந்து போய் டீ போட்டேன்.

இதே ரம்யாவை மொதல் தடவை பொண்ணு பாக்க வந்தப்ப என்ன சொன்னாங்க? "நீ வா, பாப்பாவை யாருகிட்டயாவது விட்டுட்டு வா. அவங்க பாத்தா வேற மாதிரி நினைப்பாங்க." யாருகிட்ட விடறது? நான் போகல. இன்னைக்கு அதே பாப்பா வரலன்னா அங்க கல்யாணமே நடக்காது.

கிளம்பறப்ப அக்கா என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. ஆறுதலுக்குத்தான் சொன்னாங்க, அதுல சந்தேகமில்ல. "இருந்தப்பதான் அப்படி இருந்தா. சாமியாயிட்டா எல்லாம் சரியாப் போயிடும். இனிமே நடப்பா பாரு, பேசுவா பாரு."

கதவைச் சாத்திட்டு அடுப்படியில போய் உக்காந்து அழுதேன். எனக்கு நடக்கிற பொண்ணும் வேணாம் பேசுற பொண்ணும் வேணாம். அது யாரு? அதை எனக்குத் தெரியாது.


ஆவணி 4, வியாழன்

அவர் ராத்திரி ஷிப்ட் முடிச்சு விடிஞ்சு வந்தார். பழக்கதோஷம், நேரா கட்டில்கிட்டப் போனார். நின்னார். அப்புறம் குளிக்கப் போயிட்டார்.

எழுதி வச்சுக்கறேன், மறந்துடக்கூடாது. பா.வை ராத்திரிக்கு சுவரைப் பாக்கப் படுக்க வைப்பேன். நடுவுல எழுந்து நான் ஒருக்கா திருப்புவேன், முதுகுல புண்ணு வரக்கூடாதுன்னு. விடியக்காலம் திருப்பறது அவர் வேலை. சட்டையில இருக்கிற வெள்ளைத் தூசியோட வந்து, தூசி படாம கையை மட்டும் கழுவிட்டு, ஜன்னல் பக்கம் திருப்பி விடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அவளும் பேச மாட்டா. ரெண்டு பேரும் வெளிச்சத்தைப் பாத்துக்கிட்டு கிடப்பாங்க.

சாப்பிடறப்ப சொன்னேன். இந்தப் பூவாடை கீவாடை எதுவும் வேணாம், உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்கன்னு. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார். நானும் விடல. அவங்களுக்கு ஆகணும்னா மட்டும் என் புள்ள வேணுமா, இத்தனை வருஷத்துல ஒருநாள் அவளைத் தூக்கியிருப்பாங்களா, கோடாலிக்கறுப்பூர் சேலையில சாணி பட்ட மாதிரி பாப்பாங்களே. என் வாய்க்கு என்னென்னமோ வந்துச்சு.

கையைக் கழுவிட்டு வந்து சொன்னார். "ஒரு தடவையாவது அவங்க எல்லாரும் நம்ம புள்ள முன்னாடி விழுந்து கும்பிடட்டும். நான் அதைப் பாக்கணும்."

இந்த ஆளு மனசுல இது கிடந்திருக்கு. எனக்குத் தெரியாது.

சரின்னுட்டேன்.


ஆவணி 6, சனி

பெரம்பலூர் போனேன். அங்க தெரபி சொல்லிக் குடுக்கிற இடத்துல வேற புள்ளைங்க இருக்கு. பா.வோட காலுக்குப் போடற பட்டை, கழுத்துத் தலையணை, ரெண்டும் எடுத்துக்கிட்டு. இங்க பெட்டியில கிடந்து என்ன பண்ணுது.

அதே பஸ். அதே கண்டக்டர். வாரா வாரம் போனப்ப நாங்க ஏறுனாலே முன் சீட்ல இருக்கிறவங்களை எழுப்பி விட்டுருவார். இன்னைக்கும் என்னைப் பாத்ததும் ஒரு காலேஜ் பையனை எழுப்பிட்டார். அந்தப் பையன் என்னைப் பாக்கிறான், நல்லாத்தானே இருக்கு இந்தம்மான்னு.

"பாப்பா வரலிங்களா?"

"இன்னைக்கு வரலிங்க."

சொல்லியிருக்கலாம். சொன்னா அந்த சீட் போயிடும்னு இருந்துச்சு. ஜன்னலோரம் உக்காந்துக்கிட்டு, பக்கத்துல பையை வச்சு, ஊர் வர்ற வரைக்கும் ஒரு கையால அதைப் புடிச்சுக்கிட்டே வந்தேன். மேடு பள்ளத்துல சாஞ்சுடும்.

அங்க ஒரு சின்னப் பொண்ணு, புதுக்கோட்டைலேர்ந்து வந்து தங்கியிருக்காங்களாம். அந்தம்மா எங்கிட்ட, சோறு எறங்க மாட்டேங்குதுங்க, மிக்ஸியில அடிச்சுக் குடுத்தாலும் துப்புதுன்னாங்க. மிக்ஸியில அடிக்காதீங்கன்னேன். பசை மாதிரி ஆயிடும், தொண்டையில ஒட்டும். கொழைய வடிச்ச சோத்தை ரசம் ஊத்திக் கையால மசிக்கணும், வடிகட்டியில தேய்க்கணும், நெய் ஒரு சொட்டு. கீழ்வாயில வச்சுத் தொண்டையத் தடவி விட்டா வாயைத் திறக்கும். திறந்தா இன்னொரு வாய் வேணும்னு அர்த்தம், மூடிக்கிட்டா போதும்னு அர்த்தம்.

செஞ்சு காமிச்சேன். அந்தப் பொண்ணு வாயைத் திறந்துச்சு.

உடனே கிளம்பிட்டேன். இருக்க முடியல.


ஆவணி 8, திங்கள்

தூறல். துணி காயல.

அக்கா ஆள்கிட்ட பட்டுப்பாவாடை சட்டை குடுத்து விட்டிருந்தாங்க. மயில் கழுத்து நிறம், ஜரிகை. நல்ல துணி, குறை சொல்ல முடியாது. ஆனா பத்தொம்பது வயசுப் பொண்ணுக்கு எடுத்திருக்காங்க. பா. உடம்பு எட்டு வயசோட நின்னு போச்சு. கை ரெண்டும் மடங்கியிருக்கும், தலைவழியா எதையும் மாட்ட முடியாது. அவளுக்கு ஒரு துணியும் கடையில வாங்குனதில்ல. எல்லாம் நான் தைச்சது. முன்பக்கம் முழுசாத் திறப்பு, பொத்தான் கிடையாது, அழுத்தும். தோள்ல ரெண்டு நாடா, இடுப்புல ஒண்ணு.

போன் பண்ணிச் சொன்னேன். அக்கா நிதானமாத்தான் பேசினாங்க. சாமிக்கு எந்த சைஸா இருந்தா என்னம்மா, வச்சுப் படைக்கப் போறோம், அவ்வளவுதானே.

அப்புறம் பெரியவர் (அவரோட அண்ணன்) வாங்கிப் பேசினார். படையல் முடிஞ்சதும் துணியைப் பெட்டியில வச்சு அவங்க வூட்டுப் பரண்ல ஏத்திடணுமாம். மூத்தவர் வூட்டுலதான் சாமி இருக்கணும், அதுதான் மொறை. வருஷா வருஷம் அங்கதான் படைப்பாங்க, நாங்க வந்து கும்பிட்டுட்டுப் போகலாம்.

வந்து கும்பிட்டுட்டுப் போகலாம். என் புள்ளைய நான் விருந்தாளியாப் போய்ப் பாக்கணும். அந்த வூட்டுல அவளை ஒருநாள் நடுவீட்டுல படுக்க விட்டதில்ல, மாட்டுக்கொட்டாய் பக்கத்து அறைதான். இப்ப பரண்.

அவர்கிட்ட சொன்னேன். மொறைதான் அதுன்னார். கோவம் வந்துச்சு. யாருமே இல்ல எனக்கு, இந்த உலகத்துல ஒருத்தர்கூட இல்ல. ஒரே ஒரு ஆள் இருந்தா, அவளுக்கும் பேச்சு வராது.


ஆவணி 10, புதன்

பட்டுத்துணியை வெட்டினேன்.

புதுத்துணியில கத்திரி வைக்கிறப்ப மனசு உறுத்தும்னு நினைச்சேன், ஒண்ணுமில்ல. அளவு எடுக்க எதுவும் தேவைப்படல, கைக்குத் தெரியுது. மார் சுத்தளவு, தோள், வலது கை கொஞ்சம் கூடுதல் மடக்கு, அந்தப் பக்கம் இறக்கம் அதிகம் விடணும். மிஷின்ல உக்காந்ததும் நிம்மதியா இருந்துச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு முழு மத்தியானம் நல்லாப் போச்சு. பின்னால திரும்பி, "இந்தா ஆச்சு, இரு"ன்னு சொன்னேன். சத்தமாவே சொல்லிட்டேன்.

ஜரிகையை உள்பக்கம் வராம மடிச்சேன். தோலைக் கீறும்.

மிச்சத்துணி நிறைய. ரம்யா ஜாக்கெட்டுக்கு ஆகும்.


ஆவணி 12, வெள்ளி. சாயங்காலம்

வந்தாச்சு. அவர் ஷிப்ட்டுக்குக் கிளம்பிட்டார். எல்லாத்தையும் எழுதிடறேன்.

காலையிலேயே அவங்க ஊருக்குப் போயிட்டோம். கொளத்துல தண்ணி கம்மி. பங்காளிங்க எல்லாரும் வந்திருந்தாங்க, இத்தனை பேரு இருக்காங்களான்னு இருந்துச்சு. கரகம் ஜோடிச்சாச்சு, மல்லிகையும் அரளியும். பம்பைக்காரர் வயசானவர், மூணு பேர்ல அவர்தான் பெரிய ஆளு. பொண்ணு பேர் என்னன்னு கேட்டார். பெரியவர் பாப்பான்னார். அது கூப்பிடற பேரு, வச்ச பேரு சொல்லுங்கன்னார். பெரியவர் அக்காவைப் பாத்தார். அக்கா ரம்யாவைப் பாத்தாங்க.

கலையரசின்னு நான் சொன்னேன்.

பம்பைக்காரர் கலையரசி கலையரசின்னு பாட ஆரம்பிச்சார். அந்தப் பேரை டாக்டருங்கதான் கூப்பிடுவாங்க, சீட்டைப் பாத்து. பொறந்தது, வளந்தது, வயசு, எல்லாம் சேத்துப் பாட்டாவே பாடினார். வா தாயி, வந்து ஒரு வார்த்தை சொல்லு தாயின்னு. பொம்பளைங்க எல்லாம் கும்பிட்டு நின்னாங்க. யாராவது ஒருத்தருக்கு சாமி வந்து ஆடணும், அவ வாயால வாக்கு வரணும். யாருக்கும் வரல. நாத்தனார் முறையில ஒருத்தி, எல்லா வூட்டுலயும் சாமியாடறவ, அவளுக்குத் தலை லேசா ஆடுச்சு, நின்னு போச்சு. வேகமா அடிச்சாங்க. வெயில் ஏறுச்சு. பம்பைக்காரருக்கு வேர்த்து ஊத்துது. அக்கா மொகம் வெளுத்துப் போச்சு. பொண்ணுக்கு இதுவும் நிக்கப் போகுதான்னு யாரோ பின்னால கிசுகிசுன்னு. ரம்யா தலையைக் குனிஞ்சு அழுதுகிட்டு நின்னா, அதுதான் பாக்க முடியல. சின்னப் புள்ளையில அவ ஒருத்திதான் அந்த மாட்டுக்கொட்டாய் அறைக்கு வந்து பாப்பா கையில மருதாணி வச்சு விடுவா.

பம்பை நின்னுச்சு. கோவமா இருக்கா, வரமாட்டேங்கிறாங்கன்னார் பம்பைக்காரர்.

எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ.

"கோவமெல்லாம் இல்லைங்க. அவளுக்குப் பேச வராது. வந்துதான் இருப்பா. பம்பைச் சத்தம்னா அவளுக்கு உசிரு. நீங்க பேசச் சொல்லிக் கேட்டா அவ எப்படிங்க சொல்லுவா?"

பம்பைக்காரர் என்னையே பாத்தார். அப்ப சம்மதம்னா எப்படித்தாம்மா சொல்லுவான்னு கேட்டார். நக்கலாக் கேக்கல, நெசமாவே கேட்டார்.

வாயைத் திறப்பாங்கன்னேன்.

வூட்டுக்குக் கரகத்தைக் கொண்டாந்து நடுவீட்டுல இறக்குனாங்க. நடுவீட்டுல. நான் தைச்ச துணியை விரிச்சேன், அக்கா பாத்தாங்க, நாடாவைத் தொட்டுப் பாத்தாங்க. தலைவாழை இலையில வடை, அதிரசம், கொழுக்கட்டை, சுண்டல். அதிரசத்தைப் பாத்ததும் எனக்குப் பக்குன்னுச்சு. தொண்டையில மாட்டிக்கும். எல்லாத்தையும் ஓரமாத் தள்ளிட்டு ஒரு கிண்ணம் கேட்டேன், வடிகட்டி கேட்டேன். சோத்தை எடுத்து ரசம் ஊத்தி மசிச்சேன். எல்லாரும் நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. முன்னாடியெல்லாம் நான் இதைச் செய்ய ஆரம்பிச்சா ஒவ்வொருத்தரா எழுந்து வெளிய போயிடுவாங்க, கொமட்டும்னு.

ஒரு வாய் எடுத்து கரகத்துக்கு முன்னாடி புடிச்சேன். தடவி விட தொண்டை இல்ல. கை அப்படியே நின்னுச்சு. காத்திருந்தேன். ஒண்ணும் நடக்கல, என்ன நடக்கும், சொம்பும் பூவும்தானே. ஆனா நான் இறக்கல. கை வலிக்கிற வரைக்கும் அப்படியே புடிச்சிருந்தேன். அதுக்கு அப்புறம் இலையில வச்சேன்.

"பெத்தவ ஊட்டியாச்சு. அதுதான் வாக்கு"ன்னு சொல்லிட்டு பம்பைக்காரர் கற்பூரத்தை ஏத்தினார்.

விழுந்தாங்க. பெரியவர், அக்கா, பங்காளிங்க, வரிசையா. அவர் கதவோரம் நின்னு பாத்தார். வாயைத் துண்டால மூடிக்கிட்டு குலுங்கினார்.

படைச்சதை எல்லாருக்கும் குடுக்கணும். பம்பைக்காரர் வடையை எடுக்கல, கிண்ணத்தைக் காமிச்சு அதைக் குடுங்கன்னார். ரம்யா முதல்ல கை நீட்டினா. அப்புறம் அக்கா. அப்புறம் அத்தனை பேரும், ரெண்டு கையையும் குவிச்சு. ஒருத்தர்கூட மொகம் சுளிக்கல. கண்ணுல ஒத்திக்கிட்டு சாப்பிட்டாங்க. உப்பு போட மறந்துட்டேன், அதையும் யாரும் சொல்லல.

இனி பெட்டி. மூங்கில் பெட்டி, முன்பக்கம் மஞ்சள் பூசிப் பொட்டு வச்சிருந்துச்சு. துணியை மடிச்சு வச்சு பெரியவர் ஏணியில கால் வச்சார். நான் சண்டை போடறதுக்குன்னு பஸ்ல வர்றப்பவே நிறைய யோசிச்சு வச்சிருந்தேன். மொறையாவது மண்ணாவதுன்னு. வாயில வந்தது வேற.

"மாமா, ராத்திரி யாரு அவளைத் திருப்பிப் போடுவாங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சுது. யாரும் சிரிக்கல. பெரியவர் ஏணியிலேயே நின்னுக்கிட்டு இருந்தார். அப்புறம் இறங்கி வந்து பெட்டியை என் கையில குடுத்துட்டார். வருஷத்துக்கு ஒருக்கா கொண்டாம்மான்னார், அவ்வளவுதான்.

பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வந்தேன். கனமே இல்ல. கடைசி மாசம் அவளும் இப்படித்தான் இருந்தா.

கட்டில்ல வச்சிருக்கேன். ரப்பர் ஷீட் மேலேயே. பொட்டு வச்ச பக்கத்தை சுவரைப் பாக்க.


ஆவணி 13, சனி

ராத்திரி நல்ல மழை போல, ரோடு நனைஞ்சு கிடக்கு. தூசி இல்ல. எனக்கு ஒண்ணுமே தெரியல, அப்படி ஒரு தூக்கம். நடுவுல எழுந்திருக்கவே இல்ல.

பால் வாங்கினேன். கம்மி பண்ணச் சொல்லிட்டேன்.

அவர் எப்ப வந்தார்னு தெரியல. தரையில பாய் போட்டுத் தூங்கறார், சட்டையக்கூட கழட்டல, முதுகெல்லாம் வெள்ளைத் தூசி. கை மட்டும் கழுவியிருக்கார்.

பெட்டி ஜன்னலைப் பாத்து இருக்கு.